தலைகீழாய்த் தொங்கிய கொடி

அத்தியாயம் 6

போடியில் மூன்று நாள் ஒரு நகைக்கடைக்காரரின் மருமகனைப் பின்தொடர்ந்து, அந்த மனிதர் வீட்டுக்குத் தெரியாமல் செய்யும் ஒரே காரியம் பரோட்டா தின்பதுதான் என்று கண்டுபிடித்துவிட்டு, அன்று காலையில்தான் தேனி திரும்பியிருந்தாள் யுவராணி. தொண்டை வறண்டு கிடந்தது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக டம்ளரை எடுத்துத் தண்ணீர் கேனின் குழாயைத் திருகினாள். குழாய் ஒரு தடவை விக்கியது. அவ்வளவுதான்.

"பாண்டி, இந்தக் கேன் எப்ப வந்துச்சு?"

"நேத்துக் காலைலக்கா."

"இருபது லிட்டரு. நான் ஊர்லயே இல்ல. நீ ஒருத்தன் ஒரே நாள்ல குடிச்சியா?"

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் பாண்டீஸ்வரன் சொன்னான். "கீழ பல்லு புடுங்க வந்தவுக எல்லாம் வாய் கொப்பளிக்க இங்கன ஏறி வந்துட்டாக. ரத்தம் துப்புறவுககிட்டப் போயித் தண்ணி இல்லன்னு சொல்ல முடியுமாக்கா?"

பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் வைத்தால் இப்படித்தான். கீழே யாராவது அலறினால், 'நம்ம விசாரணைன்னு நெனச்சு ஊரே பயப்படுது, விளம்பரச் செலவு மிச்சம்' என்பான் பாண்டி. நான்கு வருஷமாக அவன் வாயைக் கேட்டுக் கேட்டு, அது இல்லாவிட்டால் அவளுக்கு மூளை ஓடாது.

யுவராணி சிரித்துக்கொண்டே, மேசை மேலிருந்த பேனா டப்பாவைக் கவிழ்த்துச் சின்னச் சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே, சிவப்பு நூல் கட்டிய பெரிய சாவி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது.

"இருக்கா?" என்றான் பாண்டி.

"இருக்கு. அதான்டா எனக்குக் கவலை."

கவலைக்குக் காரணம் இருந்தது. தேனியில் அந்த வருஷம் முதல்முறையாகக் கலை வாரம் நடந்துகொண்டிருந்தது. பேர்தான் வாரம், நடப்பது பத்து நாள். பழைய பருத்தி ஜின்னிங் மில்லைக் கழுவி வெள்ளையடித்து, அறைக்கு ஒரு கலைஞராகக் காட்சி வைத்திருந்தார்கள். பாதுகாப்புப் பொறுப்பு யுவராணியுடையது. பெரிய கூடத்துக்கு இரண்டே சாவிகள். ஒன்று மில்லின் வாட்ச்மேன் முத்துக்கருப்பனிடம். மற்றொன்று இவளுடைய இழுப்பறையில்.

நேற்று மதியம், ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டுக்காகக் கூடத்தைப் பூட்டியிருந்த அந்த ஒரு மணி நேரத்தில், யாரோ உள்ளே புகுந்து அங்கிருந்த காட்சியை வெட்டிச் சிதைத்துவிட்டார்கள். பூட்டு உடையவில்லை. அமைப்பாளர் சூரியபிரகாஷ் போடிக்குப் போன் போட்டு, "உங்க சாவி எங்க?" என்று கேட்டபோது, யுவராணி யோசிக்காமல் சொன்ன பதில்: "என் சாவி என் மேசையில பூட்டி இருக்கு. என் வார்த்தையை நம்பலாம்."

நம்பினார்கள். அந்த வார்த்தைதான் முத்துக்கருப்பனின் கழுத்தில் சுருக்காக விழுந்தது.

* * *

மில் வாசலில், வாழைத்தார் கட்டிய டிவிஎஸ் ஒன்றைச் சுற்றி நாலைந்து வெளியூர்க்காரர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குனிந்து பெயர்ப் பலகை தேடினார்.

"டீ குடிக்கப் போன மனுசன் வந்து வண்டிய எடுக்கட்டும். கலைய ஓட்டிட்டுப் போயிட்டான்னு நம்மளுக்கு இன்னொரு கேஸு கெடைக்கும்" என்றான் பாண்டி.

கூடத்துக்குள் நுழைந்ததும் யுவராணி அண்ணாந்து பார்த்தாள்.

கூரை இரும்பிலிருந்து ஒரு திராட்சைக் கொடி தலைகீழாகத் தொங்கியது. வேர்கள் மேலே, மண் உதறப்பட்டு, காய்ந்த சடை மாதிரி விரிந்திருந்தன. தொடை கனத்துக்கு அடிமரம். அதிலிருந்து கீழ்நோக்கி இறங்கிய கிளைகள் கை எட்டும் உயரத்தில் எல்லாம் மொட்டையாக நின்றன. தரை முழுக்க வாடிய இலைகள்.

அது அவளுக்குத் தெரிந்த கொடி. பாண்டியின் வீட்டுக் கொடி. ஓடைப்பட்டியில் அவர்களுடைய பன்னீர் திராட்சைத் தோட்டம் முழுவதும் நோயில் போனபிறகு, கிணற்றோரம் இது ஒன்றுதான் எதுவும் தொடாமல் நின்றது. அடுத்த கவாத்தில், கொடியை நறுக்கிவிடும்போது, இதிலிருந்து நடுகுச்சி எடுத்து அரை ஏக்கரைத் திரும்ப நடவேண்டும் என்று பாண்டியின் அம்மா சங்கிலியம்மாள் காத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் யுவராணியின் பள்ளித் தோழி தேவயானி, சென்னையில் பெயர் வாங்கிய சிற்பி, "கலை வாரத்துக்கு ஒரு வயசான கொடி வேணும் ராணி. பத்திரமா திரும்பி வந்துரும்" என்று கேட்டாள். யுவராணி போய் சங்கிலியம்மாளிடம் பேசினாள். அவள் கேட்டதால் வேர்மண்ணோடு தோண்டிக் கொடுத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை.

"தலைகீழாத் தொங்கவிடப் போறேன்னு நீ சொல்லவே இல்லையே தேவா."

தேவயானி கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டாள். மூன்று நாளாகத் தூங்காத முகம். "முன்னாடியே சொன்னா அதுல என்ன இருக்கு? பத்து நாள், ஜனங்க கண் முன்னாடி ஒரு உயிர் கொஞ்சம் கொஞ்சமா வாடும். அதுதான் காட்சி. மூணாம் நாளே எவனோ அறுத்துட்டான். டெல்லியில இருந்து ஆளுங்க வர்றாங்க ராணி, நான் எதைக் காட்ட?"

"பத்து நாள் கழிச்சு?"

"எறக்கித் தண்ணியில ஊறப்போட்டு நட்டுரலாம். நான்தான் சொன்னேனே, திரும்பி வந்துரும்."

யுவராணிக்குக் கொடி வளர்ப்பு தெரியாது. தோழியைத் தெரியும். தலையாட்டினாள்.

சுவரோரம் ஸ்டூலில் முத்துக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, மேல் பித்தானை யாரோ கழற்றச் சொல்லிவிட்ட மாதிரி, திறந்து கிடந்தது. பக்கத்தில் சூரியபிரகாஷ் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன் மேடம். அதுக்குள்ள வேற ஆள் கெடைக்கலன்னா இவர ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவேன். ரெண்டு சாவி. ஒண்ணு உங்ககிட்ட பூட்டி இருந்துச்சு. மிச்சம் இவருதான்."

"நான் மெஸ்ல சாப்ட்டுக்கிட்டு இருந்தேன் தாயி" என்றார் முத்துக்கருப்பன். "சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. அடுத்த மாசம் மக கல்யாணம். மாப்ள வீட்டுக்காரக இந்த ஊருதான். போலீஸ் ஜீப்புல ஏத்துனாகன்னா..."

யுவராணி தரையில் குனிந்தாள்.

"பாண்டி, இங்கன பாரு. இலை கெடக்கு. சுருள் கம்பி மாதிரி நுனி கெடக்கு. கம்பு எங்க? வெட்டுனதப் பூரா யாரோ எடுத்துட்டுப் போயிருக்காக. நாசம் பண்ண வந்தவன் குப்பையச் சுமந்துட்டுப் போவானா?"

"கொரங்குக்கா. மில்லுக்குப் பின்னாடி ஒரு கூட்டமே இருக்கு. ஜன்னல் வழியா வந்திருக்கும். காட்சி புடிக்கல போல. கலை தெரிஞ்ச கொரங்கு."

அவள் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக் காகித உறையில் போட்டாள். மெல்லிய நுனிகள், கோணலான அடித்துண்டுகள். எல்லாம் கழிவு.

"அத எதுக்குக்கா பொறுக்குறீக? பெருக்குறவுக வருவாக."

"நீயும் ஓடைப்பட்டிக்காரன்தானே. இது என்ன வெட்டு?"

"எனக்குத் திராட்சைன்னா திங்கத்தான் தெரியும்க்கா."

"அப்ப தெரிஞ்சவுகளப் பாப்போம். உங்க ஊர்ல கவாத்துக்குப் பேர்போனவரு ஒருத்தரு இருக்காருல்ல, அழகுமலை. ஸ்கூட்டர் சாவியக் குடு. நீ மெஸ்ஸுக்குப் போயி, முத்துக்கருப்பண்ணன் எத்தன மணிக்கு எந்திரிச்சாருன்னு கேட்டு வையி."

பாண்டியின் கை சட்டைப் பையில் ஒரு நொடி நின்றது. "அவரு பேச ஆரம்பிச்சா அடுத்த கவாத்துக்குத்தான்க்கா நிறுத்துவாரு."

"பரவால்ல. எனக்குப் பொறுமை ஜாஸ்தி."

* * *

சின்னமனூர் தாண்டி ஓடைப்பட்டி போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டரை. பந்தலுக்கு அடியில் பச்சை நிழல். அழகுமலை ஸ்டூல் மேல் நின்று, தலைக்கு மேலிருந்த கொடியைக் கத்திரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, உறையிலிருந்ததைத் துண்டில் கொட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தார்.

"வெட்டிட்டாகன்னு யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாக."

"இது வெட்டு இல்ல தாயி. குச்சி எடுத்திருக்கான். பென்சில் கனத்துக்கு முத்துன கம்பாப் பாத்து எடுத்துக்கிட்டு, இளசையும் கோணலையும் கழிச்சுப் போட்டிருக்கான். இந்தா, இதெல்லாம் நுனிக் கழிவு. வெட்டுவாய் பூரா சரிவா இருக்கா? இது அடிக் கழிவு. பூரா நேரா இருக்கு. குச்சிக்குத் தலைய சரிவா வெட்டணும், அடிய நேரா வெட்டணும். அப்பத்தான் நடும்போது எது மேல, எது கீழன்னு மாறாது."

"அந்தக் கொடி தலைகீழால்ல தொங்குச்சு?"

கிழவர் அதைக் கேட்டு நிமிர்ந்தார். "தலைகீழாவா? அப்பிடியும் ஒண்ணுகூட மாறல பாத்தியா. கண்ணுக்கு எல்லாம் பெரண்டு கெடந்தாலும் கை பெரளல. இது நாசம் பண்ணுன கை இல்ல, காப்பாத்துன கை."

"அப்ப கொடி?"

"வேரு மண்ண விட்டு மூணு நாளு காத்துல கெடந்தா அம்புட்டுத்தான். ஊறப்போட்டு நடுறதெல்லாம் கதை. அன்னைக்கு எடுக்காம இருந்தா குச்சியும் காஞ்சிருக்கும்."

யுவராணி மெல்லக் கேட்டாள். "எடுத்தவரு இப்ப அத எங்க வச்சிருப்பாரு?"

"ஈரச்சாக்குல சுத்தி நெழல்ல. மணிக்கொருதரம் நனைக்கணும். தேனி டவுனுன்னா அங்கன போர்த் தண்ணி உப்பு. ஊத்துனா குச்சில துளிர் விடுற கண்ணு கருகிப்போகும். நல்ல தண்ணிக்கு எங்க போவான்?"

காலையில் தண்ணீர் கேனின் குழாய் விக்கிய சத்தம் அவள் காதுக்குள் கேட்டது.

"இதுக்கு நீ இம்புட்டுத் தூரம் வரணுமா தாயி? பாண்டிப் பயகிட்டக் கேட்டா அவனே சொல்லியிருப்பானே" என்றார் அழகுமலை, ஸ்டூலில் திரும்ப ஏறிக்கொண்டே. "மூணு கவாத்துக்கு எங்கூட வந்தவன். கத்திரி புடிக்க நாந்தேன் பழக்குனேன்."

* * *

திரும்பும் வழி முழுவதும் ஸ்கூட்டர் தானாக ஓடியது. டிவிஎஸ்ஸுக்குப் பாண்டி ஒரு நக்கல் சொன்னான். குரங்குக்குச் சொன்னான். பல் ஆஸ்பத்திரிக்குச் சொன்னான். தரையில் கிடந்த அந்தத் துண்டுகளை மட்டும் அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தெரியாதவன் குனிந்து பார்த்திருப்பான். நான்கு வருஷத்தில் எத்தனையோ பொய்க்காரர்களை அவனோடு சேர்ந்து பிடித்திருக்கிறாள். பொய்யை எங்கே தேடவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். எங்கே ஒளிக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது.

வேறு யாராவதாக இருக்கவேண்டும் என்று சின்னமனூர் வரை வேண்டிக்கொண்டாள். உத்தமபாளையம் பக்கத்து நர்சரிக்காரன், கேரளாவிலிருந்து வந்த யாரோ ஒரு பார்வையாளன், குரங்கு. குரங்கானாலும் சரி.

மூன்றரைக்கு மாடியேறினாள். அலுவலகத்தில் யாரும் இல்லை. மூலையில் புதுக் கேன் வந்திருந்தது. அதிலும் பாதிதான் இருந்தது.

மொட்டை மாடிக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டியின் பின்னால், வெயில் படாத இடத்தில், நனைந்த சாக்கு. அதற்குள் கட்டுக்கட்டாகக் குச்சிகள். சரிவான தலைகள் எல்லாம் மேலே, ஒரே பக்கம் பார்த்து நின்றன. கட்டியிருந்தது நீல நாடா. கலை வாரத்துக்காகப் பாதுகாப்பு ஆட்களின் கழுத்தில் மாட்டக் கொடுத்த அதே நாடா.

பின்னால் படியில் காலடி கேட்டது. கையில் டம்ளரோடு பாண்டி நின்றான். டம்ளர் நிறையத் தண்ணீர்.

"நாப்பத்தி ரெண்டு இருக்குக்கா" என்றான். "எண்ண வேணாம்."

"எப்பிடி எடுத்த?"

"பேனா டப்பாவுல சாவி இருக்கும்னு எனக்குத் தெரியாதாக்கா?"

"என் மேசை. என் சாவி. என் வார்த்தை." அவள் குரல் அவளுக்கே வேற்றாளுடையது போல் இருந்தது. "பூட்டி இருக்குன்னு போன்ல நான் சத்தியம் பண்ணிக்கிட்டு இருந்தேன் பாண்டி. அப்ப நீ இங்கன இருந்து என்ன செஞ்ச?"

"சாக்கை நனைச்சுக்கிட்டு இருந்தேன்."

அது நக்கல் இல்லை. உண்மையைத்தான் சொன்னான்.

"மொத நாளு அம்மாவக் கூட்டிட்டு வந்தேன்க்கா. எங்க கொடிய தேனியில வச்சிருக்காகன்னு தெருவுக்கே சொல்லிட்டு, பட்டுச் சேல கட்டி வந்தாக. அண்ணாந்து பாத்தாக. ஒண்ணும் சொல்லல. சுத்தி நின்னு செல்பி எடுத்தவுகளுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னாக. வெளிய வந்து ஒண்ணே ஒண்ணுதேன் கேட்டாக. 'யுவராணிக்கு இது தெரியுமாடா?'"

தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"போட்டா நீங்க தேவயானி அக்காகிட்டப் பேசுவீக. அவுக உங்களப் பேசியே ஜெயிச்சிருவாக. இன்னைக்குக் காலைலகூட ஜெயிச்சாக. அதுக்குள்ள குச்சி காஞ்சு போயிருக்கும்."

"முத்துக்கருப்பண்ணன்?"

அவன் முதல்முறையாகத் தலைகுனிந்தான். "அவரு பேரு வரும்னு சத்தியமா நெனைக்கலக்கா. கொரங்குன்னு முடிஞ்சிரும்னு நெனச்சேன். வந்ததுக்கப்புறம், நீங்க எப்பிடியும் அவர வெளிய எடுத்துருவீகன்னு நம்புனேன்."

"அவர வெளிய எடுப்பேன், உன்னக் கண்டுபிடிக்க மாட்டேன். அப்பிடித்தானே? பாதி மூளைய மட்டும் நம்பியிருக்க."

அவள் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தேவா, ஒரே கேள்வி. பத்து நாள் கழிச்சு அந்தக் கொடி பொழைக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

மறுமுனையில் யாரோ ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். "ராணி, திரும்பி வரும்னுதான் சொன்னேன். உயிரோட வரும்னு நான் எப்பச் சொன்னேன்? சாகாத கொடிய எவன் வந்து பார்ப்பான்? ஏன், வெட்டினது கெடைச்சிருச்சா? கொண்டு வா, அதையும் கீழ அடுக்கி வைக்கலாம். இன்னும் நல்லா இருக்கும்."

யுவராணி இணைப்பைத் துண்டித்தாள். பள்ளியில் தன்னோடு ஒரே பெஞ்சில் ஆறு வருஷம் உட்கார்ந்தவள். பாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளர் தண்ணீரைச் சாக்கில் ஊற்றினான்.

அடுத்து சூரியபிரகாஷை அழைத்தாள். "முத்துக்கருப்பண்ணன விட்ருங்க. அவரு இல்ல. அஞ்சு மணிக்கு ஆளோட வர்றேன்."

* * *

அறிக்கைகளை எப்போதும் அவள் சொல்வாள், பாண்டி அடிப்பான். அவளுக்குத் தமிழ் டைப்பிங் வராது. அன்றும் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணு. சாவி என் மேசையில் பூட்டி இருந்தது என்று நான் சொன்னது தவறு. இரண்டு. வாட்ச்மேன் முத்துக்கருப்பனுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. அவரிடம் நிர்வாகம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூணு. கொடி உயிரோடு திரும்பும் என்று அதன் உரிமையாளர் சங்கிலியம்மாளிடம் வாக்குக் கொடுத்தவர், யுவராணி."

தட்டச்சு நின்றது. "அக்கா, அது வேணாம்."

"அடி."

அடித்தான்.

"நாலு. எடுக்கப்பட்ட நாற்பத்திரண்டு குச்சிகளும் சங்கிலியம்மாளுக்குச் சொந்தமானவை. அவை அவரிடமே ஒப்படைக்கப்படும். ஐந்து. சாவியை எடுத்துக் கூடத்தைத் திறந்தவர்..."

கீழே பல் ஆஸ்பத்திரியில் எந்திரம் ஓடத் தொடங்கியது. யாரோ அலறினார்கள். பாண்டி எதுவும் சொல்லவில்லை.

"பாண்டின்னு போட்டாப் போதுமாக்கா?"

"முழுப் பேரு."

அவன் நான்கு விரலால் அடித்தான். பாண்டீஸ்வரன். "உதவியாளர்னு போடவா?"

"பேரு மட்டும் போதும்" என்றாள்.

பிரிண்டர் கிரீச்சிட்டுக் காகிதத்தைத் தள்ளியது. மணி நாலே முக்கால். பாண்டி மாடிக்குப் போய்ச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தண்ணீர் அவன் முதுகு வழியாக ஒழுகித் தரையில் சொட்டியது.

யுவராணி சிவப்பு நூல் கட்டிய சாவியை எடுத்துக்கொண்டு இழுப்பறையைப் பூட்டினாள். சின்னச் சாவியோடு அவள் கை, நான்கு வருஷப் பழக்கத்தில், பேனா டப்பாவை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

வாசலில் பாண்டி பார்த்துக்கொண்டே நின்றான்.

அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நட" என்றாள். "குச்சி காய்ஞ்சிரப் போகுது."